மூன்று சுழி ‘ண’ தாங்குமா? மும்பை மழையில் நீல மைச் சோதனை

மழைக்காலம் வந்துவிட்டால் மைப்பேனாவில் எழுதுபவர்களிடமிருந்து “இந்த இங்க் ஊறுது, வேற நல்ல புளூவா சொல்லுங்க” என்ற கேள்வியும் கூடவே வந்துவிடும். மையை மாற்றுவதற்கு முன்னால் நோட்டு எங்கே கிடக்கிறது என்று பார்க்கவேண்டும். ஜன்னலோர மேசையில் நாலு நாள் கிடந்த நோட்டில் எந்த மையும் கொஞ்சம் ஊறத்தான் செய்யும். அதே நோட்டைக் காயவைத்து, அதே பேனாவால், அதே மையால் எழுதினால் பிரச்சினையில் பெரும்பகுதி காணாமல் போகும். எவ்வளவு போகிறது என்று அளந்து பார்க்கவே இந்தச் சோதனை. இடம் மும்பை மாட்டுங்கா, ஜூலை நடுவாக்கில். அறைக்குள் ஈரப்பதம் 84 முதல் 91 சதவீதம்.

எடுத்துக்கொண்ட நீலங்கள் மூன்று. ஒன்று, பள்ளிக்கூடத்திலிருந்து எல்லோருக்கும் பழகிய ராயல் ப்ளூ. துணியில் பட்டால் சோப்புக்குப் போய்விடும் வகை. இதைக் ‘கழுவும் நீலம்’ என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது, லேபிளில் ‘பெர்மனென்ட்’ என்று போட்டு விற்கும் சாய மை. லேபிளைத் தவிர வேறு அத்தாட்சி இல்லாததால் இதற்கு ‘லேபிள் நீலம்’ என்று பெயர். மூன்றாவது, கரையாத நிறமித் துகள்களை நீரில் மிதக்கவிட்ட மை, ‘துகள் நீலம்’. கம்பெனிப் பெயர்களை வேண்டுமென்றேதான் விட்டிருக்கிறோம். ஒரே பெயரில் வரும் புட்டிகளுக்குள்ளேயே தயாரிப்புக்குத் தயாரிப்பு வித்தியாசம் உண்டு. முறை தெரிந்தால் கையில் இருக்கும் புட்டியை நீங்களே சோதித்துவிடலாம்.

(மும்பைக்கு மை ஒன்றும் புதிதில்லை. எழுதுபொருள் கம்பெனியான கேம்லின் 1931-ல் இங்கேதான் ‘ஹார்ஸ் பிராண்ட்’ மைத்தூளோடு தொடங்கியது. வெளிநாட்டில் பார்க்கர் கம்பெனியின் ‘குவிங்க்’ மை வந்ததும் அதே வருஷம்.)

தாளும் பேனாவும்

தாள் மூன்று வகை: 75 ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு 75 கிராம்) ஜெராக்ஸ் தாள், சாதாரண லாங் சைஸ் நோட்டு, 100 ஜி.எஸ்.எம். பாண்ட் பேப்பர். இவற்றோடு காலாவதியான செக் இலைகள் நாலு. அப்துல் ரஹ்மான் ஸ்ட்ரீட்டில் எல்லாத் தாளும் கிடைக்கும். ஆனால் மழைநாளில் கட்டைப் பிரித்து உதிரியாக வாங்காதீர்கள். சுற்றுக்காகிதம் கிழியாத ரீமாக வாங்குங்கள். மெழுகோ பிளாஸ்டிக்கோ பூசிய அந்தச் சுற்றுக்காகிதம் ஈரத்தைத் தடுக்கத்தான் இருக்கிறது.

பேனாவும் மூன்று: கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பும் சின்னக் குழாய்) போட்ட ஸ்டீல் மீடியம் நிப்பு, ஹீரோ பேனா மாதிரி நிப்பை மூடிய ஃபைன், திருவள்ளூர்ப் பக்கம் கடைசலில் கடைந்த எபோனைட் (கெட்டி ரப்பர்) பேனா, அதாவது ஃபில்லரால் உடம்புக்குள் நேரே மை ஊற்றும் வகை. மூன்றாவது பேனா தாராளமாக மை விடும். வறண்ட பேனாவில் நல்லபிள்ளையாக இருக்கும் மை, தாராளமான பேனாவில் குணத்தைக் காட்டிவிடும். ஒரே பேனாவில் சோதித்துவிட்டு மையைப் புகழ்வதும் திட்டுவதும் பேனாவுக்குப் போகவேண்டிய மார்க்கு.

பேனாக்களைக் கழுவுவதில் அவசரம் கூடாது. 200 மி.லி. வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் தேய்க்கும் திரவம் இரண்டு சொட்டு. கன்வெர்ட்டரால் பத்துத் தடவை இழுத்து வெளியேற்றவும். பிறகு வெறும் தண்ணீர். எபோனைட்டுக்குச் சுடுதண்ணீர் ஆகாது, பளபளப்பு போய்ப் பழுப்பேறும். பிளாஸ்டிக் பேனாவுக்கு ஸ்பிரிட் ஆகாது, அக்ரிலிக் விரிசல் விடும். கழுவியபின் நிப்பைத் தலைகீழாக டிஷ்யூவில் நிறுத்தி ஒரு ராத்திரி விடவேண்டும். நிப்புக்கு அடியிலிருந்து மை கொடுக்கும் ஃபீடின் வரிகளுக்குள் ஒளிந்திருக்கும் தண்ணீர் முதல் அரைப் பக்கத்துக்கு மையை வெளிறச் செய்யும். “மை டல்லா இருக்கு” என்று வரும் புகார்களில் பல இந்தத் தண்ணீரின் வேலை. அவசரமென்றால் நிப்பை டிஷ்யூவில் அழுத்தி மை உறிஞ்சவிட்டு, முதல் ஒரு பக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள்.

பேனாவைப் புட்டிக்குள் முக்கக்கூடாது. 2 மி.லி. மையை ஊசியில்லாத சிரிஞ்சால் எடுத்துச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி அதிலிருந்து நிரப்பவேண்டும். முக்கி எடுத்த பேனா வழியாகப் பழைய மையும் பூஞ்சை விதையும் புட்டிக்குள் போகும். இந்த ஊரில் பூஞ்சைக்குக் கூப்பிட்டுச் சொல்லத் தேவையில்லை. மூடியைத் திறந்ததும் அழுகின வாடையோ, ஓரத்தில் கோழை மாதிரி இழையோ இருந்தால் வடிகட்டிப் பயன்படுத்தப் பார்க்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

உப்பு டப்பா

ஈரப்பதத்தைக் கையாளாமல் மும்பையில் மையைச் சோதிக்க முடியாது. ஈரமானி ஒன்று வேண்டும். மலிவான டிஜிட்டல் மானியே போதும், ஆனால் நாலைந்து சதவீதம் பிசகலாம். அதைச் சரிபார்க்கச் சமையலறையில் வழி இருக்கிறது. இறுக்கமாக மூடும் பிளாஸ்டிக் டப்பா (ஓட்டல் பார்சல் டப்பா நன்றாகவே மூடும்), அதற்குள் ஒரு பாட்டில் மூடியில் இரண்டு ஸ்பூன் தூள் உப்பு. உப்பில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டு ஈரமணல் பதத்துக்குக் கொண்டுவரவேண்டும். முழுக்கக் கரைந்துவிட்டால் உபயோகமில்லை; கரையாத உப்பு மிச்சம் இருக்கவேண்டும். பக்கத்தில் மானியை வைத்து மூடி 12 மணி நேரம் விட்டால் டப்பாவுக்குள் ஈரப்பதம் 75 சதவீதத்தில் நிலைத்துவிடும். அறை வெப்பத்தில் தெவிட்டிய உப்புக் கரைசலின் குணம் அது. மானி 79 காட்டினால் எப்போதும் 4 கழித்துக்கொள்ளுங்கள்.

அந்த டப்பாவேதான் சோதனைக்கூடமும். தாள் துண்டுகளை மூன்றாகப் பிரித்தோம். ஒரு பங்கு உப்பு டப்பாவில், 75 சதவீதத்தில். ஒரு பங்கு 100 கிராம் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில். 12 மணி நேரத்தில் மானி 38-க்கு இறங்கியிருந்தது. மீதி வெளியே மேசையில். எடுத்த தாளில் இரண்டு நிமிஷத்துக்குள் எழுதிவிடவேண்டும். ஒற்றைத் தாள் சில நிமிஷங்களிலேயே வெளி ஈரத்தைக் குடிக்கத் தொடங்கிவிடும். அரிசிக்குள் நோட்டைப் புதைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. புதைக்கலாம்தான், நோட்டில் தவிடு ஒட்டும், அவ்வளவுதான் பலன்.

சோதனை வாசகம் தமிழில்தான் இருக்கவேண்டும். ஆங்கில எழுத்துகளில் சுழிகள் குறைவு. நமக்கு மை ஊறினால் முதலில் அடைபடுவது சுழி. இதற்காக அமைத்த வரி:

“ஞாயிற்றுக்கிழமை மாட்டுங்கா பூக்கடையில் எண்ணூறு ரூபாய்க்கு வண்ணப் பூ.”

பதினொரு புள்ளிகள் இருக்கின்றன. ஞ, ழ, ணூ, ரூ எல்லாம் வந்துவிடுகின்றன. எழுத்து உயரம் கையெழுத்தில் வழக்கமாக வரும் 4 மி.மீ.

எழுதிக் காய்ந்தபின் பத்து மடங்கு பூதக்கண்ணாடியில் ‘எண்ணூறு’ என்ற சொல்லை மட்டும் பார்த்தோம். கழுவும் நீலம், ஸ்டீல் மீடியம், லாங் நோட்டு. சிலிக்கா டப்பாவிலிருந்து வந்த தாளில் கோட்டு அகலம் சுமார் 0.6 மி.மீ.; ண-வின் மூன்று சுழிகளுக்குள்ளும் வெள்ளை தெரிந்தது. உப்பு டப்பாத் தாளில் 0.65, விளிம்பில் அங்கங்கே மயிர் மாதிரி ஒரு இழை, சுழிகள் தப்பித்தன. மேசையில் கிடந்த தாளில் 0.8. முதல் சுழி முழுக்க அடைந்து போய், நடுச் சுழியில் ஊசிமுனையளவு வெள்ளை. அதாவது மூன்று சுழி ண, இரண்டு சுழி ன மாதிரி வாசிக்கிறது. ‘எண்’ணுக்கும் ‘என்’னுக்கும் பந்தயம்தான். புள்ளி எழுத்தின் தலையோடு ஒட்டிக்கொண்டு தனியாகவே தெரியவில்லை. மையும் பேனாவும் எழுதிய கையும் மாறவில்லை, தாள் குடித்த ஈரம் மட்டும் மாறியது.

ஏன் இப்படி என்றால், தாள் என்பது மரநார். மை எல்லாப் பக்கமும் ஓடாமலிருக்க ஆலையில் நாருக்கு மாவுப்பசையும் நீர்விலக்கும் பசையும் ஏற்றுவார்கள். காற்றிலிருந்து ஈரம் குடித்தால் நார் உப்பி, இடைவெளிகள் திறந்து, பசை தன் வேலையைச் சரியாகச் செய்யாது. மை அந்த வழிகளில் நார் நீளத்துக்கு ஓடுகிறது. கண்ணாடியில் தெரியும் மயிரிழைகள் ஒவ்வொன்றும் ஒரு நார்.

இதில் எதிர்பாராத ஒன்று கிடைத்தது. மூடிவைத்த நோட்டில் ஈரம் ஓரத்திலிருந்துதான் உள்ளே ஏறும். அதனால் ஒரே பக்கத்தில் வலது ஓரத்திலும் அடிவரியிலும் மை ஊறும், நடுவில் ஊறாது. மார்ஜினை விட்டு இரண்டு விரற்கடை தள்ளி எழுதிய ‘எண்ணூறு’ சுத்தமாக இருந்தது. ஓரத்தில் எழுதியது அடைத்திருந்தது. உங்கள் நோட்டில் ஓரம் மட்டும் ஊறினால் மையைக் கொட்டவேண்டாம். நோட்டை ஜிப் பையில் போடுங்கள், ராத்திரியில் செட்டாப் பாக்ஸ் மேல் வையுங்கள். சூடாகவே இருக்கும் அந்தப் பெட்டி நோட்டுக்கு நல்ல பரண்.

மற்ற இரண்டு மைகளில் லேபிள் நீலம் மேசைத் தாளில் இன்னும் மோசம், 0.9-ஐத் தொட்டது. இந்த மை நிப்பில் மிகத் தாராளமாக இறங்குகிறது. பரப்பு இழுவிசை குறைந்த மைகள் எழுத வழுக்கும், அதே காரணத்தால் தாளுக்குள்ளும் வழுக்கும். துகள் நீலம் எல்லாத் தாளிலும் 0.7-க்குள் நின்றது. சாயம் நீரோடு போகிற இடமெல்லாம் போகும். துகள் நாரின் வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். பாண்ட் பேப்பரில் மூன்றுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எபோனைட் பேனாவில் எழுதினால் ஜெராக்ஸ் தாளில் மூன்றுமே மறுபக்கம் அடித்தன. அந்தப் பேனாவும் ஜெராக்ஸ் தாளும் மழைக்காலத்துக்கு ஒத்துவராத ஜோடி.

காயும் நேரம்

இதற்கு ஒரு சுருக்கு வழி. ‘மழை’ என்ற சொல்லை இடமிருந்து வலமாக, ஐந்து விநாடிக்கு ஒருமுறை ஆறு தடவை எழுதவேண்டும். முப்பதாவது விநாடியில் மடித்த டிஷ்யூவால் இடமிருந்து வலமாக ஒரே இழுப்பு. இடது ஓரச் சொல்லுக்கு வயது 30 விநாடி, வலது ஓரத்துக்கு 5. காய்ந்ததிலிருந்து ஈரமானதை நோக்கிப் போவதால் டிஷ்யூ ஈரச் சொல்லைத் தொடும்வரை சுத்தமாக இருக்கும். ஈஷாமல் நின்ற கடைசிச் சொல்லின் வயதுதான் காயும் நேரம். திருப்பி இழுத்தால் சோதனை பாழ்.

கழுவும் நீலம், மீடியம் நிப்பு: ஜெராக்ஸ் தாளில் மேசை ஈரத்தில் 10 விநாடி, உலர்ந்த தாளில் 5. லாங் நோட்டில் 25, 15. பாண்ட் பேப்பரில் மேசை ஈரத்தில் 30 தாண்டியும் ஈஷியது. ஊறாத தாளில் காய நேரமாகும், சீக்கிரம் காயும் தாளில் ஊறும். இரண்டையும் ஒருசேரத் தரும் தாள் மலிவு விலையில் தேடினாலும் அகப்படாது. மை காய்வதில் பாதி வேலை தாள் குடிப்பது, மீதி ஆவியாவது. காற்றே நனைந்திருக்கும்போது அந்த இரண்டாவது பாதி நடக்க மாட்டேனென்கிறது. நிப்பு காயாமலிருக்க மையில் கிளிசரின், கிளைக்கால் மாதிரிப் பொருள்கள் சேர்ப்பார்கள். அவை காற்றிலிருந்து ஈரம் வாங்கவும் செய்யும். தில்லி மே மாத வெயிலில் வரம், இங்கே ஜூலையில் சாபம்.

லேபிள் நீலத்தில் இன்னொரு சங்கடம். சாயம் அடர்த்தியாகப் போட்டிருப்பதால் பாண்ட் பேப்பரில் எழுத்துமேல் செம்பு நிறப் பளபளப்பு படர்கிறது. பார்க்க அழகு. மூன்று நாள் கழித்து விரலை வைத்தாலும் விரலில் நீலம். தாளுக்குள் இறங்காமல் மேலே படிந்த சாயம் காற்றின் ஈரத்தில் மறுபடி இளகிக்கொண்டே இருக்கும். கணக்கு நோட்டுக்கு இந்த அழகு வேண்டாம்.

புள்ளிகள் எப்போதும் கடைசியில்தான் காயும். நிப்பை ஊன்றி எடுக்கும்போது கோடு இழுப்பதைவிட அதிக மை ஒரே இடத்தில் நிற்கும். சொல்லை முழுக்க எழுதிவிட்டுப் புள்ளிகளைக் கடைசியில் வைக்கும் பழக்கமுள்ள இடக்கைக்காரர்களுக்கு ஃபைன் நிப்பும் துகள் நீலமும்தான் தோது. ஒற்றுத்தாள் வைத்திருந்தால் தேய்க்காமல் அழுத்தி எடுக்கவும். சாக்பீஸை உருட்டி மை உறிஞ்சிய காலம் எல்லோருக்கும் ஞாபகமிருக்கும். வேலை செய்யும், ஆனால் சுண்ணாம்புத் தூள் நிப்புப் பிளவுக்குள் போனால் பேனா திக்கும்.

மூடாமல் வைத்தால்

மூடியைக் கழற்றி, மின்விசிறி நடுவேகத்தில், பேனாவைப் படுக்கவைத்து 1, 2, 5, 10 நிமிஷம். பிறகு உதறாமல் ஒரு கோடு. கழுவும் நீலம் 10 நிமிஷத்திலும் முதல் கோட்டிலேயே எழுதியது. ஜூலை ஈரம் செய்த ஒரே நல்ல காரியம். துகள் நீலம் 5 நிமிஷத்தில் திக்கி, 10-ல் நிப்பை நனைக்கவேண்டி வந்தது. ஏ.சி. அலுவலகத்தில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும், அங்கே காற்று வறண்டது. மூடிய நிப்புப் பேனாவில் துகள் நீலம் 10 நிமிஷமும் தாங்கியது, ஆகவே அந்த மைக்கு அந்தப் பேனா.

மூடி போட்டு ஒரு வாரம் விட்டதில் எந்தப் பேனாவும் தகராறு செய்யவில்லை. லோக்கல் ரயிலில் கொண்டுபோவதில்தான் வித்தியாசம். எபோனைட் பேனாவில் மை கால்வாசிக்குக் கீழே இறங்கினால் உள்ளே காற்று அதிகம். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ள, பேனா கக்கும். அரைக்குக் குறைந்ததும் நிரப்பிவிடுங்கள். மரைகளில் சிலிக்கோன் கிரீஸ் லேசாகத் தடவியிருக்கவேண்டும். பையில் எந்தப் பேனாவும் நிப்பு மேலே பார்த்து நிற்கட்டும்.

எழுதும்போது பாதி வரியில் மை விட்டு விட்டு வந்தால் மையைச் சந்தேகிக்கும் முன் உள்ளங்கையைப் பாருங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்ட இடத்தில் மை ஒட்டாது. பக்கத்தின் அடிப்பகுதியில்தான் இது அதிகம் வரும், கை அங்கே நெடுநேரம் கிடந்திருக்கும். கைக்கடியில் ஒரு துண்டுத் தாள் போதும்.

தண்ணீர், பிளீச், செக்

எழுதி ஒரு மணி நேரம், ஒரு நாள், ஏழு நாள் என்று மூன்று தொகுதி. ஒவ்வொன்றிலும் ஒரு சொல்மேல் ஃபில்லரால் ஒரு சொட்டு விட்டு, ஒரு நிமிஷம் கழித்து ஒற்றி எடுத்தோம். இன்னொரு துண்டைக் குழாயடியில் 30 விநாடி காட்டினோம்.

கழுவும் நீலத்தில் சொட்டு விழுந்த இடத்தில் ‘மாட்டுங்கா’வில் ‘மா’வும் ‘கா’வும் மிச்சம், நடுவில் ஒரு நீலக் குட்டை. குழாய்க்குப் பிறகு வெற்றுத் தாள்தான், உற்றுப் பார்த்தால் நிப்பு கீறிய தடம். ஏழு நாள் காய்ந்ததும் அப்படியே. இதில் ஏமாற்றமில்லை, அது சொல்லிச் செய்கிற மை. கூரியர் உறையில் இதால் விலாசம் எழுதினால் போய்ச் சேர்வது உறையின் அதிர்ஷ்டம். லேபிள் நீலத்தில் ஒரு மணி நேரத் துண்டும் ஏழு நாள் துண்டும் ஒரே மாதிரி: பெரும்பகுதி நீலம் ஓடி, படிக்க முடிகிற சாம்பல் நீலக் கோடு மட்டும் நின்றது. ‘பெர்மனென்ட்’ என்பதற்கு மங்கலாகவாவது படிக்கலாம் என்று அர்த்தம் வைத்துக்கொள்ளலாம். துகள் நீலம் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு துளிகூட அசையவில்லை. எழுதிய ஐந்தாவது நிமிஷத்தில் நனைத்தபோது மட்டும் விளிம்பில் லேசாகக் கசிந்தது.

பிளீச் சோதனைக்குக் காதுக்குச்சி முனையில் வீட்டு பிளீச் ஒரு தொட்டு. ஜன்னலைத் திறந்துவைத்துச் செய்யவும். அமோனியா பக்கத்தில் இருக்கவே கூடாது, இரண்டும் கலந்தால் நச்சுவாயு. கழுவும் நீலம் கண்ணெதிரே, மூன்று எண்ணுவதற்குள், மஞ்சளாகிக் காணாமல் போனது. ராயல் ப்ளூவில் பரவலாகப் போடும் சாய வகைக்கு மூலக்கூறின் நடுக் கரிமத்தில் பிடி உடைந்தால் நிறமே போய்விடும். ஜெர்மன் பள்ளிக்கூடங்களில் குழந்தைகள் வைத்திருக்கும் மை அழிப்பான் பேனா இந்தப் பலவீனத்தை வைத்துத்தான் வேலை செய்கிறது. குழந்தைக்கு வசதி. செக்கில் அதே வசதி மற்றவனுக்கும் உண்டு. காலாவதியான செக் இலையில் ‘எண்ணூறு’ என்று எழுதிய தொகையை அழித்துப் பார்த்தோம். எழுத்து போனது, கூடவே இலையின் பின்னணி அச்சிலும் வெள்ளைத் திட்டு விழுந்தது. உற்றுப் பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது. எல்லோரும் உற்றுப் பார்ப்பார்கள் என்று நம்பி செக் எழுத முடியாது. துகள் நீலம் பிளீச்சுக்கும் அசையவில்லை. செக், ஹவுசிங் சொசைட்டி விண்ணப்பம், கையெழுத்து, உறை எல்லாவற்றுக்கும் அதுதான். காசோலையில் ரிசர்வ் வங்கி விதிப்படி தேதியைப் புதுப்பிப்பது தவிர வேறு திருத்தம் செல்லாது, எனவே முதல் எழுத்திலேயே ஊறாத மை வேண்டும் என்பது இன்னொரு காரணம்.

இரும்பு மை எங்கே என்று சிலர் கேட்பீர்கள். நல்ல புளூ-பிளாக் இரும்பு மையும் தண்ணீருக்கு நிற்கும். கடுக்காய்த் துவர்ப்பும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்ந்து கருக்கிற நம்மூர்ப் பழைய மையின் ரசாயனமேதான் அது. எழுதும்போது வெளிர்நீலம், காற்றுப் பட்டு நாளடைவில் கருப்பு. ஆனால் கருத்தபின் அது நீலமில்லை, ஆகவே இந்தப் பந்தயத்தில் சேர்க்கவில்லை. பேனாவில் காயவிட்டால் முதலில் வைட்டமின் சி கலந்த நீரால் கழுவுங்கள். காரமான அமோனியா நீரை முதலில் விட்டால் இரும்பு வண்டலாக இறங்கிவிடும்.

நீலத்துக்குள் என்ன

வடிதாளில் மையைப் பிரித்துப் பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை. வெளிநாட்டுக் குறிப்புகள் காபி ஃபில்டர் தாளை வெட்டச் சொல்லும். நம் வீட்டு ஃபில்டர் பித்தளையோ எவர்சில்வரோ, தாளுக்கு அதில் வேலையில்லை. பிரின்ஸஸ் ஸ்ட்ரீட் பக்கம் ஆய்வுக்கூடச் சாமான் கடையில் ஒன்றாம் நம்பர் வடிதாள் கேளுங்கள். 2 செ.மீ. அகலத் துண்டு, அடியிலிருந்து 2 செ.மீ. மேலே ஒரு மைப்பொட்டு, அடி 1 செ.மீ. மட்டும் தண்ணீரில். பொட்டு நனையக்கூடாது. கழுவும் நீலம் ஒரே நீலப் பட்டையாக ஏறியது. லேபிள் நீலம் மேலே வானநீலமும் கீழே ஊதாவுமாகப் பிரிந்து, பொட்டின் இடத்தில் சாம்பல் நீலம் தங்கியது. குழாயடியில் மிச்சம் நின்ற கோடு அந்தச் சாம்பல்தான். துகள் நீலம் இடத்தைவிட்டு நகரவேயில்லை.

இரண்டு மைகளைக் கலக்க ஆசைப்பட்டால் முதலில் குப்பியில் சொட்டுக்குச் சொட்டு கலந்து 24 மணி நேரம் வையுங்கள். அடியில் வண்டல், ஓரத்தில் திப்பி, நிறம் திடீரென மாறுவது, இவற்றில் ஏதாவது தெரிந்தால் பேனாவுக்குள் விடாதீர்கள். அமில மையும் கார மையும் சந்திக்கும்போது சாயம் திரிந்துவிடும், பாலில் எலுமிச்சை பிழிந்த கதை. கழுவும் நீலத்தில் துகள் நீலத்தைக் கலந்ததில் மறுநாள் காலை அடியில் மாவு மாதிரிப் படிந்திருந்தது.

துகள் மைக்கு நிபந்தனை உண்டு. தினமும் எழுதுகிற பேனாவில் மட்டும் போடவேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டாயம் கழுவவேண்டும். பேனா சும்மா கிடக்கப் போகிறதென்றால் மையை வெளியேற்றிவிட்டுத்தான் மூடி. காய்ந்த சாயம் தண்ணீருக்கு இளகும்; காய்ந்த துகள் இளகாது. ஃபீடின் மெல்லிய காற்றுவழி அடைந்தால் நிப்பைக் கழற்றி, பத்துப் பங்கு நீருக்கு ஒரு பங்கு வீட்டு அமோனியா கலந்து அரைமணி ஊறவைத்து, பழைய பல்துலக்கியால் வரிவரியாகத் தேய்க்கவேண்டும். புட்டியையும் நிரப்பும் முன் குலுக்கவேண்டாம், தலைகீழாக இரண்டு தடவை மெதுவாகத் திருப்பினால் போதும். குலுக்கினால் நுரைக்கும், நுரையை இழுத்த கன்வெர்ட்டர் பாதி காற்றோடு நிற்கும்.

ஆக, தினசரி நோட்டுக்குக் கழுவும் நீலம், உலர்ந்த தாளோடு. வெளியே போகும் காகிதத்துக்குத் துகள் நீலம், மூடிய நிப்புப் பேனாவில். லேபிள் நீலம் வடிவான தலைப்புகள் எழுத ஆகும்.

வெயில் சோதனையை ஜூலையில் செய்ய வழியில்லை, வெயிலே இல்லை. அக்டோபரில் மழை விட்டபின் மூன்று மையிலும் அந்தப் பூக்கடை வரியை எழுதி, வரியின் வலப்பாதியை அலுமினியத் தாளால் மூடி, மேற்குப் பார்த்த ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி 14 நாள் விட்டோம். கழுவும் நீலத்தில் ‘மாட்டுங்கா’ வரைக்கும் வெளுத்த துணி நீலம். அலுமினியத் தாள் தொடங்கிய இடத்தில் ‘பூக்கடை’யின் பூ பாதியில் கத்தியால் வெட்டின மாதிரி, இந்தப் பக்கம் வெளிறலும் அந்தப் பக்கம் புதுமையுமாக நிற்கிறது. லேபிள் நீலத்தில் ஊதா முழுக்கப் போய்விட்டது, சாம்பல் தங்கிவிட்டது. துகள் நீலத்தில் மூடிய இடம் எது, திறந்த இடம் எது என்று தெரியாமல் தாளைத் திருப்பி அலுமினியத் தாள் ஒட்டிய பசைத் தடத்தைத் தேடவேண்டியிருந்தது.